கேட்காமல் தேய்த்த விசை

தம்பிக்கு அம்மா எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்தை நன்றாகப் பார். கோணலாகத்தான் இருக்கும், அது பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான். ஆனால் எங்கேயாவது நடுங்கியிருக்கிறதா? என் மருமகள் சாந்தாவிடமும் கொடுத்துப் பார்க்கச் சொல். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கை நடுங்குது, இனிமே அந்தச் சனியனை வீட்ல வச்சுக்கக் கூடாது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கு அடுத்த வரி அதைவிட மோசம். அந்த ரிவால்வர் இருக்கிற வரைக்கும் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டு வாசல்படி ஏற மாட்டாய் என்று எழுதியிருந்தாய். நீ அதை எழுதியது கோடையில். இப்போது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு காவிரி இரண்டு கரையும் தொட்டுப் போகிறது. இத்தனை நாள் நான் பதில் போடவில்லை. கிழவிக்குத் திமிர், துப்பாக்கியை விட்டுக்கொடுக்க மனசில்லை என்று நினைத்திருப்பாய். நினைத்துக்கொள். ஆனால் நடந்தது என்ன என்று உனக்கு முழுசாகத் தெரியாது. நீதான் பாதியில் கோபித்துக்கொண்டு ரயிலேறிவிட்டாயே. மீதியை இன்றைக்குச் சொல்கிறேன், உட்கார்ந்து படி.

உன் அப்பாவுக்கு அந்த ரிவால்வர் ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும். வாழைக்காய் மண்டிக்காரர், தொட்டியம் பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்க் குலைக்கு விலை பேசி ரொக்கமாகக் கொடுப்பவர். யாரோ ஒரு மண்டிக்காரரை வழியில் மடக்கி அடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, கூட இருந்தவர்கள் தூபம் போட்டு, மனுக் கொடுத்து வாங்கின லைசென்ஸ் அது. வாங்கினாரே தவிர ஒரு தோட்டாகூட மனுஷர் சுட்டதில்லை. ஆயுத பூஜை அன்றைக்குத் தராசுக்குப் பக்கத்தில் வைத்து அதற்கும் ஒரு பொட்டு வைப்பார், அத்தோடு சரி. அவர் போய், காரியமெல்லாம் முடிந்து, நீயும் பம்பாய்க்குத் திரும்பின பிறகு, அதைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிடலாம் என்றுதான் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். சத்தியமாக அப்படித்தான் போனேன். அங்கே ஒரு குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாரிசுன்னு எழுதிக் குடுத்தா உங்க பேருக்கே மாத்திக்கலாம். ஆனா பொம்பளைங்க இதை வச்சுக்கிட்டு என்னம்மா செய்யப்போறீங்க, காக்கா ஓட்டவா?" என்று சிரித்தான். பக்கத்து மேஜைக்காரனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு வந்ததே ஒரு கோபம். "எம்பேருக்கே மாத்துங்க" என்றேன். இவ்வளவுதான்டா கதை. வீம்புக்கு வாங்கினேன். வாங்கின பிறகு, சுடத் தெரியாமல் ஒரு துப்பாக்கியை வைத்திருப்பது அசிங்கமாக இருந்தது. ரைபிள் கிளப்பில் போய்ச் சேர்ந்தேன்.

கிளப் என்றால் நீ பம்பாயில் பார்க்கிற மாதிரி நினைத்துக்கொள்ளாதே. போலீஸ் மைதானத்துக்குப் பின்னால், ஒரு மண்மேட்டுக்கு எதிரே தகரக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் கூடுவார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போவேன். கூடைக்கு அடியில் ரிவால்வர், அதன்மேல் ஒரு துண்டு, அதற்கும் மேலே ஒரு சுருள் வாழை இலை. "கூடையில என்னம்மா, லக்கேஜ் போடணுமா?" என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டான். "துப்பாக்கிப்பா" என்றேன். "உங்களுக்கு எப்பவும் தமாஷ்தாம்மா" என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். முதல் நாள் நான் கொட்டகைக்குள் நுழைந்ததும் ஆண்கள் எல்லோரும் சிகரெட்டை அணைத்துவிட்டு, ஏதோ துக்கம் சொல்ல வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். ஒருவர் பட்டாளத்திலிருந்து வந்த மேஜர். இன்னொருவர் நம் மண்டிக்கு வாழை போட்டுக்கொண்டிருந்த பெரிய தோட்டக்காரர், அவரை எல்லோரும் தொட்டியத்தார் என்றுதான் கூப்பிடுவோம். மூன்றாமவர் பெரிய கடைவீதியில் தோல் வியாபாரம் செய்கிற ராவுத்தர்.

இந்த மூன்று பேரும் சேர்ந்தால் அரிசி விலை பேச மாட்டார்கள், அரசியல் பேச மாட்டார்கள். பேச்சு எல்லாம் விசையைப் பற்றித்தான். விரலால் அழுத்துகிறோமே, அந்தச் சின்ன நாக்கு. அது எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், எவ்வளவு தூரம் நகர வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்று இத்தனை வருஷமாகச் சண்டை போடுகிறார்கள், இன்னும் முடியவில்லை. தொட்டியத்தாருக்கு லேசாக இருக்க வேண்டும். "நெனச்சா வெடிக்கணும்ங்க. விரலுக்கு வேலை குடுத்தா கை அசைஞ்சுரும், கை அசைஞ்சா குறி போச்சு" என்பார். உடனே மேஜர், "உங்களுதுதான் நீங்க நெனைக்கறதுக்கு முன்னாடியே வெடிக்குதே சார்" என்பார். அது வாஸ்தவம். தொட்டியத்தாருக்கு வாய்த்த அன்றைக்கு அட்டையில் நட்டநடு வட்டத்தில் விழும், வாய்க்காத அன்றைக்கு மண்மேட்டில் புழுதிதான். மேஜருக்கு நல்ல கனம் வேண்டும். ராவுத்தர் இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, "விசை கெடக்கட்டும். புடி கையில உட்காரணும். புடி உட்கார்ந்துருச்சுன்னா மத்ததெல்லாம் தானா வரும், இன்ஷா அல்லாஹ்" என்பார். சொன்னது மட்டுமா, தன் கடை ஆட்டுத்தோலையே மெலிசாகச் சீவித் தன் பிஸ்டல் பிடியில் ஒட்டவைத்துக்கொண்டார். நான் ஆரம்பத்தில் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மேஜர் என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு எப்படி இருக்கணும்?" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. "வெண்டைக்காய் வாங்கறப்ப நுனியை ஒடிச்சுப் பாப்போம்ல, அந்த மாதிரிங்க. பிஞ்சுன்னா அழுத்தற வரைக்கும் பொறுத்துக்கிட்டிருந்துட்டு டக்குனு ஒடியும். முத்தல்னா வளையும், வளையும், எப்ப ஒடியும்னே தெரியாது. எனக்குக் கனமாத்தான் வேணும், ஆனா பிஞ்சா இருக்கணும்" என்றேன். தொட்டியத்தார் சிரித்த சிரிப்பில் அவர் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. மேஜர் மட்டும் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷமா நான் சொல்லத் தெரியாம தவிச்சதை அம்மா ஒரு காயை வச்சுச் சொல்லிட்டாங்களே" என்றார். அன்றிலிருந்து அந்தக் கொட்டகையில் யார் புதுத் துப்பாக்கி கொண்டுவந்தாலும், "பிஞ்சா, முத்தலா?" என்றுதான் கேட்பார்கள். உன் அப்பாவின் ரிவால்வர் அப்படியொரு பிஞ்சு. அழுத்த அழுத்த, இன்னும் வேண்டுமா, இன்னும் வேண்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வருவது போல இருக்கும். வேண்டாம் என்று தோன்றினால் விரலை எடுத்துக்கொள்ளலாம். வேண்டும் என்றால் மட்டும்தான் ஒடியும். அதனால்தான் நான் அதில் நன்றாகச் சுட்டேன். என்னால் தொட்டியத்தார் மாதிரி சட்டென்று நட்டநடுவில் அடிக்க முடியாது, ஆனால் என் தோட்டாக்கள் எல்லாம் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் ஒட்டி ஒட்டி விழும்.

துப்பாக்கியில் அம்மாவுக்கு இவ்வளவு பைத்தியமா என்று உனக்குச் சிரிப்பு வரும். பைத்தியம் துப்பாக்கிமேல் இல்லைடா. வாரத்தில் மற்ற நாட்களில் என் குரலை நான் கேட்பதே பால்காரனிடமும் கீரைக்காரியிடமும் பேசும்போதுதான். ஒரு ஆளுக்குச் சமைக்கிறது எப்படி என்று இன்னும் எனக்குக் கை வரவில்லை, ரசம் எப்போதும் மிஞ்சிவிடும். ஏகாதசிக்கு ஊரே ஸ்ரீரங்கத்துக்கு வந்து நிற்கிறது, நம் வாசல் வழியாக விடிய விடிய ஜனம் போகிறது, அதில் நமக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இருக்காது. அந்தக் கொட்டகை ஆட்களும் சொந்தக்காரர்கள் இல்லை. அவர்கள் பெண்டாட்டி பெயர்கூட எனக்குத் தெரியாது, அவர்கள் வீட்டுக்கு நான் போனதில்லை, என் வீட்டுக்கு அவர்கள் வருவதும் முறையில்லை. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடுவோம், அவ்வளவுதான் உறவு. ஆனால் ஒரு தடவை மேஜர் என் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் கீழ விழுந்திருக்கேம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல யாரும் இல்லை. ஓட்டை விழுந்த ஒரு காகிதத்தைப் பார்த்து ஒரு மனுஷர் கண்டுபிடித்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தேன். காவிரிப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அழுகை நிற்கவில்லை.

இவர்கள் விசையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. மனுஷர்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். நீ தொட்டியத்தார் கட்சி. தொட்டால் வெடிப்பாய். எட்டாவது படிக்கும்போது கணக்கு வாத்தியார் திட்டினார் என்று புத்தகப்பையைக் கொள்ளிடத்தில் வீசிவிட்டு வெறுங்கையோடு வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாள் கழித்துப் புதுப் புத்தகம் வாங்கிவந்து உன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அவருக்கு விசை ரொம்பக் கனம். அதில் நல்லதும் உண்டு, பொல்லாததும் உண்டு. "வாழைக்காய் எண்ணவா நான் இன்ஜினீயரிங் படிச்சேன்" என்று மண்டியில் நாலு பேர் முன்னால் கத்திவிட்டு நீ பம்பாய்க்குப் போனாய். அவர் அன்றைக்கே உன்னை மன்னித்துவிட்டார், இது உனக்குத் தெரியுமா? மார்க்கெட்டில் போகிறவன் வருகிறவனை எல்லாம் நிறுத்தி, "எம் பையன் பம்பாய்ல பெரிய கம்பெனியில இருக்கான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். உனக்கு எழுதுங்கள், எழுதுங்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "எழுதறேன், எழுதறேன், என்ன எழுதறதுன்னு யோசிக்கிறேன்" என்றார். யோசித்துக்கொண்டே இருந்தவர் ஒரு காலையில் மண்டியிலேயே சாய்ந்துவிட்டார். நீ வந்தது கொள்ளி வைக்கத்தான். அவர் கோபத்தோடு போனார் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அது பொய். இதை நான் உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நானும் அவரைப் போலவே இழுத்துக்கொண்டே வந்துவிட்டேன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எலெக்‌ஷன் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் போலீஸ் ஸ்டேஷனிலோ துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் திருப்பிக் கொடுப்பார்கள். ஸ்டேஷனில் போட்டால் துருப்பிடித்து வரும் என்று நான் எப்போதும் கடையில்தான் கொடுப்பேன். கடைக்காரர் நல்ல மனுஷர், எண்ணெய் போட்டுத் துடைத்துத் துணியில் சுற்றிக் கொடுப்பார். இந்தத் தடவையும் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன். வந்த வாரமே நீங்கள் வந்துவிட்டீர்கள், பாப்பாவுக்குச் சமயபுரத்தில் மொட்டை போட. வீடு நிறைந்து கிடந்தது. பாப்பா பித்தளை அண்டாவைத் தட்டித் தட்டி விளையாடினதும், சாந்தா என்னிடம் புளிக்குழம்புக்குப் பக்குவம் கேட்டதும், நீ ஊஞ்சலில் கிடந்து தூங்கினதும், எல்லாம் எனக்குக் கனவு மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குப் புத்தி கெட்டது. என் பிள்ளை நான் சுடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. எனக்கு வேறு என்னடா இருக்கிறது உனக்குக் காட்டுவதற்கு? உன்னோடு நான் இங்கிலீஷில் பேச முடியுமா, பம்பாய் சமாச்சாரம் பேச முடியுமா? எல்லோரையும் ஜட்கா வண்டி வைத்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

திரும்ப வந்த துப்பாக்கியைத் தோட்டா போடுவதற்கு முன்னால் வெறுமனே இழுத்துப் பார்க்க வேண்டும். இது கொட்டகையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன்னிடம் பெருமை அடித்துக்கொண்டிருந்த அவசரத்தில் அன்றைக்கு நான் பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. என் விசைதான் கனமாயிற்றே என்று, துப்பாக்கியைத் தூக்கும்போதே விரலை அதன்மேல் வைத்துக்கொள்வது என் வழக்கம். "அம்மா, குறி வந்தப்புறம்தான் விரல் போகணும்" என்று மேஜர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். தோட்டாவைப் போட்டேன், பின்னால் நிற்கிற சுத்தியைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தினேன், கையைத் தூக்க ஆரம்பித்தேன். நான் அழுத்தவே இல்லை. விரல் பட்டது, அவ்வளவுதான். அது வெடித்துவிட்டது. தோட்டா எனக்கு முன்னால் தரையில் போய் அடித்தது. அங்கே ஒரு கல் இருந்திருக்கிறது. அந்தக் கல் தெறித்து, பக்கத்தில் நின்ற உன் புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. நீ நெற்றியைப் பிடித்துக்கொண்டாய், விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. பாப்பா வீறிட்டாள். சாந்தா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நான் உன் பக்கம் ஓடிவந்தேன். நீ கையை நீட்டி என்னைத் தடுத்தாய். "போதும்மா" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஊருக்குப் போகிற வரைக்கும் நீ என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை வண்டிக்கே கிளம்பிவிட்டீர்கள்.

உனக்குத் தெரியாத மீதி இதுதான். நீங்கள் ஜட்காவில் ஏறிப் போன பிறகு மேஜர் என் கையிலிருந்து ரிவால்வரை வாங்கி, தோட்டாக்களை எடுத்துவிட்டு, வெறுமனே இழுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அம்மா, இதை யாரு தேச்சது?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, பின்கட்டுக் கதவைத் தட்டிக் கூப்பிட்டேன். கடைக்காரர் வாயில் வெற்றிலையோடு வந்து, "ஆமாம்மா, நாந்தான் விசையை அரத்தால லேசா தேச்சு விட்டேன். பொம்பளைக் கை, இவ்வளவு கனத்தை இழுத்தா விரல் வலிக்குமேன்னுதான். பட்டு மாதிரி போகுதுல்ல?" என்று சிரித்தார். "நான் உங்களைக் கேட்டேனா?" என்றேன். "கேக்கலைதான். தொட்டியத்தாருக்குத் தேச்சுக் குடுத்தேன், அவரு அப்படி மெச்சினாரு. சரி, அம்மாவுக்கும் செஞ்சா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன். கூலிகூட வேணாம்மா" என்றார். நடந்ததைச் சொன்னேன். மனுஷர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ திட்ட வேண்டும் என்று போனவள், அவர் முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியாமல் நின்றேன். "சரி, பழையபடி செஞ்சு குடுங்க" என்றேன். "தேச்ச இரும்பை எப்படிம்மா ஒட்டறது? புது உறுப்பு சீமையிலேருந்து வரணும். இப்ப எங்க சர்க்கார்ல எதையும் வரவிடறாங்க?" என்றார். ஸ்பிரிங்கை இறுக்கிப் பார்த்தார். கனம் கொஞ்சம் வந்தது, பிஞ்சு வரவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபம் இப்போது இல்லை. என் நன்மைக்குத்தான் செய்தார். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உன் கடிதத்தைப் படிக்கும்போதும் எனக்கு அதுதான் தோன்றியது. "வீட்டை வித்துட்டு பம்பாய்க்கு வந்துடு, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய். நீயும் நல்லதற்குத்தான் சொல்கிறாய், எனக்குத் தெரியாதா? அந்த ஒண்டுக்குடித்தனத்தில் நான் எங்கே உட்காருவேன், யாரிடம் பேசுவேன் என்று நீ கேட்கவில்லை. சாந்தாவிடமும் அப்படி இருந்துவிடாதே. அவளுக்கு எது வலிக்கும் என்று நீயாக முடிவுகட்டி எதையும் தேய்த்துவிடாதே. கேட்டுச் செய். பாப்பா தட்டைத் தள்ளிவிட்டால் உடனே கையை ஓங்காதே. ஆனால் அப்பா மாதிரி மனசில் இருப்பதைச் சொல்லாமல் வருஷக்கணக்காகப் பூட்டியும் வைக்காதே. இந்த வயசில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அன்றைக்கு அப்புறமும் நான் கொட்டகைக்குப் போனேன். கிளப் துப்பாக்கியை வாங்கிச் சுட்டேன், என் அட்டை எப்போதும் போலத்தான் வந்தது, வேண்டுமானால் மேஜருக்கு எழுதிக் கேள். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. "யாருக்கும் நடக்கறதுதாம்மா" என்றார் ராவுத்தர். ஆனால் நான் கையைத் தூக்கும்போது மூன்று பேரும் இரண்டடி பின்னால் தள்ளிப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் போகிறார்கள். முன்பு பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பவர்கள், இப்போது நான் சுட்டு முடிக்கிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் தெருவிலோ கேட்க வேண்டாம். பக்கத்து வீட்டு மாமி ஓடிவந்து, "என்னம்மா, பிள்ளையையே சுட்டுட்டேளாமே, நெஜமா?" என்றாள். "ஆமா மாமி, கொஞ்சம் தப்பிடுச்சு" என்றேன். பாவம், பயந்துபோய் ஒரு மாசம் நம் வீட்டுப் பக்கம் தயிர் உறைக்குக்கூட வரவில்லை.

தொட்டியத்தார் இதை வாங்கிக்கொள்கிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டார். அவருக்கென்றே தேய்த்த மாதிரி இருக்கிறதாம். ஆபீசில் மாற்றிக்கொடுக்க என் கையெழுத்துதான் பாக்கி. நான்தான் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். துப்பாக்கி போனால் ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகையும் போய்விடுமே என்பதால் தள்ளுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய்யடா தம்பி. அந்த ரிவால்வரில் நான் சுட்டு மாதக்கணக்கு ஆகிறது. நிஜம் என்ன தெரியுமா? "பிள்ளை ஏன் வரதில்லை?" என்று மாமி கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. துப்பாக்கி இருக்கிறது, குழந்தை இருக்கிற பிள்ளை, அதனால் வரவில்லை. தனியாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதேதான். இது போன பிறகும் நீ வரவில்லை என்றால் நான் என்ன சொல்லிக்கொள்வேன்? அந்தப் பயத்தில்தான் எனக்கு வேண்டாத ஒரு சாமானை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இத்தனை மாதம் இருந்தேன்.

இன்றைக்குக் காலையில் கொடுத்துவிட்டேன். லைசென்ஸையும் ஒப்படைத்தாகிவிட்டது. தொட்டியத்தார் வாங்கி, வெறுமனே ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு, "அடடா" என்றார். மிச்சமிருந்த தோட்டாக்களையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். வீட்டில் இனி ஒன்றும் கிடையாது. பாப்பா எங்கே வேண்டுமானாலும் ஓடட்டும், எந்த அலமாரியை வேண்டுமானாலும் இழுக்கட்டும். நீ வராமல் இருப்பதற்கு இனி என்ன காரணம் எழுதுவாய் என்று யோசித்துப் பார்த்தேன். லீவு இல்லை என்பாய், சாந்தாவுக்கு உடம்பு சரியில்லை என்பாய், பாப்பாவுக்கு ரயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பாய். எதையும் எழுதாதேடா. வந்துவிடு.

அம்மா